கொள்ளிடத்து மணலில் ஓர் ஆட்சேபணை

இத்தாலியில் குழந்தைகளை யாரும் லேசில் அதட்டிவிட மாட்டார்கள். ஓட்டலில் மேசைக்கடியில் தவழ்ந்தாலும், ரயிலில் சீட்டின்மேல் ஏறிக் குதித்தாலும், "பெல்லோ, பெல்லோ" என்று அழகைக் கொஞ்சிக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். ஆனால் அதே குழந்தை ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்துக்கு வந்துவிட்டால் எல்லா ஜன்னலும் திறந்துகொள்ளும். நான் குடியிருக்கும் தோரினோ நகரத்தில் பாதிக் கட்டடங்களின் முற்றத்தில் ஒரு பலகை தொங்குகிறது. 'வியெத்தாதோ ஜொகாரே அ பல்லா'. பந்து விளையாடத் தடை. வந்த புதிதில் இதை ஏதோ அபாய எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் சுவரோரமாகவே நடந்தேன். அர்த்தம் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. நம் ஊரில் தெருவில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்தால், அந்தப் பலகையையே ஸ்டம்பாக வைத்து ஆடிவிட்டுப் போவார்கள்.

தொற்றுக்காலத்தின் முதல் வசந்தத்தில் அந்தப் பலகைதான் எனக்குத் துணை. ஊரே அடைத்துக் கிடந்தது. போ என்ற நதியின் கரையில் நடக்கக் கூடாது, பூங்காக்களுக்குப் பூட்டு, தொழிற்சாலையில் வேலை இல்லை. நான் வெல்டிங் பரிசோதகன். வீட்டில் உட்கார்ந்து பரிசோதிக்க என்னிடம் ஒரு குக்கர் கைப்பிடிதான் இருந்தது. மாலை ஆறு மணிக்கு முற்றத்துக்கு இறங்குவேன். சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து ஆறேழு தப்படி ஓடிவந்து, இடது கையைச் சுழற்றி, குப்பைத்தொட்டிகளைப் பார்த்துப் பந்து வீசுவேன். கையில் பந்து இருக்காது. பலகை தடுத்தது பந்தைத்தானே, வீச்சை இல்லையே. விழுந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, திரும்பி நடந்து, மறுபடி ஓடிவருவேன். ஓவர் முடிந்தால் எதிர்முனையிலிருந்து வீசுவேன். இதையெல்லாம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் தனியாகக் கதவடைத்துக் கிடந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று இதைப் படிக்கிற சக புலம்பெயர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மூன்றாவது மாடி பால்கனியில் சிஞ்ஞோரா கார்மேலா இதைச் சில நாள் பார்த்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தையற்காரி, யாருக்கும் பயப்படாத குரல். ஒருநாள் மாலை மேலிருந்து ஏதோ கத்தினார். என் இத்தாலிய மொழி வேலைத்தள இத்தாலியம். இரும்பு, விரிசல், மறுபடி செய் என்ற மூன்றிலும் எனக்குக் குறைவில்லை, மற்றதெல்லாம் தடுமாற்றம்தான். முற்றத்தில் சத்தம் போடக் கூடாது என்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். நான் இன்னும் பணிவாக மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் ஒரு பிரம்புக்கூடை கயிற்றில் ஆடி ஆடி இறங்கி வந்தது. உள்ளே தோள்வலிக்குத் தேய்க்கும் களிம்பு. தன் தோளைத் தொட்டுக் காட்டி, கையை வட்டமாகச் சுழற்றி, முகத்தைச் சுளித்துக் காட்டினார். எனக்குத் தோள் இறங்கிவிட்டது, வைத்தியரிடம் போகவும் வழியில்லாமல் தினம் முற்றத்தில் வந்து பயிற்சி செய்கிறேன் என்று அந்த அம்மாள் முடிவு கட்டியிருக்கிறார். கிரிக்கெட்டை விளக்கும் அளவுக்கு என்னிடம் வார்த்தை இல்லை. நன்றி சொல்லிக் களிம்பை வாங்கிக்கொண்டேன். வாங்கியதற்காக ராத்திரி கொஞ்சம் தேய்த்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

நான் அந்த முற்றத்தில் வீசிக்கொண்டிருந்த பந்தெல்லாம் கொள்ளிடத்து மணலில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவு. தை பிறந்து தண்ணீர் நின்றுவிட்டால் கொள்ளிடம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும், அங்கங்கே நாணல் நிற்கும். அந்த மணலின் நடுவில் ஒவ்வொரு மே மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கும் அக்கரை நம்பர் ஒன் டோல்கேட்காரர்களுக்கும் மேட்ச். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. ஜெயித்தவர்கள் வருஷம் முழுக்க பாலத்தில் எதிரே பார்த்தால் ஹாரன் அடித்துக்கொண்டு போகலாம். அந்த ஹாரனுக்காகத்தான் இத்தனையும். ஹாரனைக் கேட்க முடியாத தூரத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வருஷமும் லீவை மே மாதத்துக்கே போட்டுவிட்டு ஓடிவருவேன். தொழிற்சாலையில் ஆகஸ்டில் எல்லாரும் கடற்கரைக்குப் போகும்போது நான் மட்டும் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கத்திரி வெயிலில் ஊருக்குப் போகிற ஒரே ஆள் நீதான் என்று அம்மாவே திட்டியிருக்கிறாள்.

மணலில் எப்படிப் பந்து எழும்பும் என்று கேட்பவர்கள் உண்டு. எழும்பாதுதான். முதல்நாள் மாலையே போய் ஒரு முழம் தோண்டினால் ஊற்று கசியும். அந்தத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, ஈர மணலைப் பலகையால் அடித்து, மேலே நனைந்த சாக்கைப் பரப்பிவிட்டு வந்துவிட வேண்டும். காலையில் சாக்கை எடுத்தால் சிமெண்டுத் தரை மாதிரி இறுகியிருக்கும். ஒன்பது மணிவரை டென்னிஸ் பந்து நன்றாக எழும்பும். அதற்குமேல் வெயில் ஏற ஏறப் பிட்ச் உதிர ஆரம்பிக்கும். அப்போதுதான் என் முறை. என் பந்தில் வேகமும் இல்லை, பெரிய திருப்பமும் இல்லை. ஆனால் உதிர்ந்த மணலில் விழுந்ததும் எழும்பாமல் அப்படியே தவழ்ந்து போகும். டோல்கேட் கேப்டன் முருகேசன், வாழை இலை மொத்த வியாபாரி, என்னிடம் எத்தனையோ முறை அப்படி அவுட் ஆகியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மட்டையை மணலில் குத்திவிட்டு, "யோவ், கைய மடக்கி எறியிறய்யா, இது பந்து போடறதே இல்ல" என்று ஆட்சேபணை கிளப்புவார். அரைமணி நேரம் சண்டை நடக்கும். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும்.

ஆட்சேபணை என்றால் எல்லாவற்றுக்கும் மூலமான ஒன்று இருந்தது. ஒருமுறை டோல்கேட்காரர்கள் துறையூரிலிருந்து ஒரு வேகப்பந்துக்காரனைக் கூட்டிவந்துவிட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கு விரல் வீங்கிப்போனது. மறுவருஷம் நாங்கள் மணப்பாறையிலிருந்து ஒரு ஆளை இறக்கினோம். இப்படியே போனால் ஆட்டம் நம்முடையதாக இருக்காது என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு விதி போட்டோம். மேட்சுக்கு முந்தின ராத்திரி யார் எந்தக் கரையில் படுத்து எழுந்தார்களோ அந்தக் கரைக்குத்தான் ஆடலாம். எங்களுக்கென்றால் தீவுக்குள் படுத்திருக்க வேண்டும். காலையில் டாஸுக்கு முன் எதிரணிக் கேப்டன் ஒவ்வொருவரையும் பார்த்து, "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் சொன்னதில்லை.

இந்த விதியால் அதிகம் கஷ்டப்பட்டவன் எங்கள் கேப்டன் ரஃபீக். பள்ளிக்கூடத்திலிருந்து என்னுடன் படித்தவன். வீடு பாலக்கரையில், செருப்புக்கடை பெரிய கடைவீதியில். இரண்டுமே காவிரிக்குத் தெற்கே. ஆகவே ஒவ்வொரு வருஷமும் மேட்சுக்கு முதல்நாள் தலையணையோடு பைக்கில் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அடையவளஞ்சான் வீதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில் அவனும் நானும் படுப்போம். நோன்பு மே மாதத்தில் வந்த வருஷங்களில் அம்மா விடிவதற்குமுன் எழுந்து அவனுக்கு சஹருக்குத் தோசை வார்த்துப் போடுவாள். "ஏம்ப்பா, தண்ணிகூட குடிக்காம அந்த வெயில்ல என்னத்த ஆடுவ?" என்பாள். "ஆடிருவேம்மா. உங்க புள்ளதான் தண்ணி குடிச்சிட்டே தோப்பான்" என்பான். சொன்னபடி ஆடவும் செய்வான். முருகேசன் அவனிடம் மட்டும் அந்தக் கேள்வியை இரண்டுமுறை கேட்பார். இரண்டுமுறையும் "சேகர் வீட்டு மாடியில" என்று பதில் வரும்.

விக்கெட் கீப்பர் வரதன். கோயில் கைங்கர்யக் குடும்பம், வடக்கு வாசல் பக்கம் வீடு, வேலை பேங்கில். விசேஷ நாட்களில் பஞ்சகச்சத்தோடு பார்த்தால் யாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதே ஆள் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. தொற்றுக்காலத்தில் ஞாயிறு தோறும் அவனோடுதான் வீடியோவில் பேசுவேன். அந்த வருஷம் டிக்கெட் ரத்தாகிவிட்டது. பணம் திரும்ப வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தபோது சந்தோஷப்பட வேண்டியவன், சமையலறையில் நின்று அழுதேன். மேட்ச் நடக்க வேண்டிய ஞாயிறு காலை வரதன் தன் மாடியிலிருந்து செல்போனைத் திருப்பிக் கொள்ளிடத்தைக் காட்டினான். தென்னை மரங்களுக்கு அப்பால் வெள்ளையாக மணல். ஒரு மனிதர் இல்லை.

"போன வாரம் நாலு பசங்க போய் ஆடியிருக்கா. போலீஸ் தொரத்தி, பேட்டைப் பிடுங்கிண்டுட்டா," என்றான். செல்போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "கோயில்லயும் சேவிக்கிறவா யாரும் கிடையாது. ஆராதனை மட்டும் நடக்கறது. பெருமாளே ஏகாந்தமா இருக்கார், நம்ம மேட்ச் என்னடா பெரிசு," என்றான். அவன் சொன்னது சரி. அந்த நாட்களில் உயிர்களே போய்க்கொண்டிருந்தன. இத்தாலியில் ராணுவ வண்டிகளில் சவப்பெட்டிகள் போவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்த நேரத்தில் ஒரு டென்னிஸ் பந்து ஆட்டத்துக்காக ஏங்குவது அற்பம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏக்கம் குறையவில்லை. எனக்கு ஊரோடு மிச்சமிருந்த, கணக்குப் பார்க்காத உறவு அந்த ஒரு காலைப்பொழுதுதான். மற்றதெல்லாம் கல்யாணம், காரியம், பத்திரப் பதிவு என்று யாராவது கூப்பிட்டுப் போவது. மேட்சுக்கு மட்டும்தான் நான் தேவைப்பட்டுப் போனேன். பிட்ச் உதிர்ந்ததும் ரஃபீக் என் பக்கம் பந்தைத் தூக்கிப் போடுவான், அதற்காகப் போனேன். என் இடத்தில் வேறொருவன் நிற்கத் தொடங்கிவிடுவானோ என்பதுதான் முற்றத்தில் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் இருந்த பயம்.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த ஒரு சாயங்காலம் சிஞ்ஞோரா கார்மேலா முற்றத்துக்கே இறங்கி வந்துவிட்டார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இதற்குமேல் ஏமாற்றக் கூடாது என்று துடைப்பத்தை மட்டையாகப் பிடித்துக் காட்டி ஆட்டத்தை விளக்கினேன். பேஸ்பால் என்று முடிவு செய்தார். இல்லை என்றேன். அப்படியானால் யாருக்குப் போடுகிறாய், அங்கே யாரும் இல்லையே என்று குப்பைத்தொட்டியைக் காட்டினார். ஊரில் நண்பர்கள் என்றேன். அந்த அம்மாளும் இந்த ஊர்க்காரர் இல்லை. தெற்கே நாப்போலிக்குப் பக்கம். கணவருக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இளவயதில் வடக்கே வந்தவர். இன்னும் கூடை இறக்குவது அந்தப் பக்கத்துப் பழக்கமாம், இங்கே உள்ளவர்கள் கேலி செய்வார்களாம். பேச்சுவாக்கில், இப்போதெல்லாம் சொந்த ஊருக்குப் போனால் அண்ணன் மனைவி தனக்குப் புதுத் துண்டு எடுத்து வைக்கிறாள் என்று கோபமாகச் சொன்னார். நல்லதுதானே என்றேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். புதுத் துண்டில் என்ன குறை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. மொழிதான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் மே மாதம் இரண்டாவது அலையில் போய்விட்டது. அந்த அலையில் அம்மாவைத் தனியாக விட்டுவைக்க முடியாமல் அக்கா கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். அடையவளஞ்சான் வீதி வீட்டைக் காலி செய்து சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. எல்லாம் போனிலேயே முடிந்தது. வேறு எதையும் செய்ய முடியாத தவிப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அணிக்கு அதுவரை ஒரே மாதிரிச் சட்டை கிடையாது. ஆளுக்கொரு பனியனில் ஆடுவோம். எல்லாருக்கும் அளவெடுத்து நல்ல ஜெர்சியாகத் தைத்துவிடு, என் செலவு என்று வரதனிடம் சொன்னேன். திருப்பூரில் தைத்து வந்தது. அடுக்கி வைத்துப் படம் அனுப்பினான். நீல நிறம். அந்தப் படத்தைச் செல்போனில் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்த மே மாதம் அதில் ஒன்று என் உடம்பில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே முற்றத்தில் ஓடி ஓடி வீசினேன்.

மூன்றாம் வருஷம் விமானம் ஏறினேன். இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இத்தாலியில் நெருங்கிய நண்பன் வீட்டுக்குள் நுழையும்போதும், அவனே கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தாலும், வாசற்படியில் ஒரு கணம் நின்று "பெர்மெஸ்ஸோ" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள். முதலில் எனக்கு இது நாடகமாகத் தோன்றியது. பிறகு பிடித்துப்போனது. பிடித்தது பழக்கமாகி, பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. ஊருக்கு வருகிறேன், அம்மா வீடு இல்லை. நோய்க்காலம் முழுதாக முடியவில்லை. வரதன் வீட்டில் வயதான அப்பா இருக்கிறார். கேட்காமல் போய்ப் பெட்டியை இறக்குவது எப்படி? கேட்டால் அவர்களால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாதே. இப்படியெல்லாம் யோசித்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் அறை போட்டேன். ரொம்ப நாகரிகமான காரியம் செய்துவிட்டதாக எனக்குத் திருப்திகூட இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் காவிரிக்குத் தெற்குக் கரையில் இருக்கிறது என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவன் நான். அதை நினைக்கவே இல்லை.

ஞாயிறு விடிகாலையில் ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, தீவைக் கடந்து, கொள்ளிடக் கரையில் இறங்கினேன். மணலில் கால் வைத்ததும் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். தூரத்தில் சாக்கை உருவிக்கொண்டிருந்தார்கள். பிட்ச் இறுகிப் பளபளத்தது. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே இதுவரை இல்லாத ஒரு சாமியானா இருந்தது. அதற்குள் துணி போர்த்திய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். நீல ஜெர்சியில் எங்கள் ஆட்கள் பிரமாதமாக இருந்தார்கள். ரஃபீக் ஓடிவந்து கட்டிக்கொண்டான். தாடியில் நரை விழுந்திருந்தது. அவன் திரும்பி நடந்தபோதுதான் முதுகைப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'உபயம்: சேகர், இத்தாலி' என்று அச்சடித்திருந்தார்கள். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதி வைப்பார்களே, அப்படி. பதினோரு முதுகிலும் என் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு எங்கடா சட்டை?" என்று வரதனைக் கேட்டேன்.

"நோக்கு எதுக்குடா சட்டை? நோக்குப் பொன்னாடைன்னா இருக்கு," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னான்.

அதற்குள் மைக்கில் என்னை அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இத்தாலி வாழ் தொழிலதிபர், அன்பு அண்ணன் என்றெல்லாம் வந்தது. அடுத்தவன் வைத்த வெல்டிங்கில் ஓட்டை பார்க்கிறவன் தொழிலதிபர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சால்வை போர்த்தினார்கள். நம் பக்கத்து டோர்னமெண்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு விருந்தினர் மட்டையைப் பிடித்து முதல் பந்தை அடித்துத் தொடங்கி வைப்பார், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், அவர் போய் உட்கார்ந்துகொள்வார், ஆட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். கவுன்சிலர்கள், ஜவுளிக்கடை முதலாளிகள் அப்படி அடிப்பதைப் பார்த்து நாங்கள் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். இப்போது மட்டை என் கையில் இருந்தது. முருகேசனே பந்தோடு வந்து நின்றார். "சார், ரெடிங்களா?" என்று கேட்டுவிட்டு, குழந்தைக்கு உருட்டுவதுபோல் மெதுவாகப் போட்டார். தடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ பக்குவமாக என் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டார்கள். காலில் ஷூவோடு நான் ஒருவன்தான் அந்த மணலில் நின்றுகொண்டிருந்தேன்.

நேரே ரஃபீக்கிடம் போனேன். "நான் ஆடணும்டா," என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் முருகேசன் காதில் விழுந்துவிட்டது. "சார் ஆடட்டும் பாய். எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. பன்னெண்டாவது ஆளா நிக்கட்டும், ரெண்டு ஓவர் போடட்டும். ஆசையா வந்திருக்காரு," என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். எனக்கு அதைவிட அவமானமாக எதுவும் நடந்ததில்லை. என் முழங்கையின் மடிப்புக்காக அரைமணி நேரம் சண்டை போட்ட மனிதர். பன்னிரண்டு பேர் இறங்குவது சரியா என்றுகூட அவர் யோசிக்கவில்லை. நான் எத்தனை ஓவர் போட்டாலும் அவர் பக்கத்துக்கு நஷ்டமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன். டாஸுக்கு முன் வழக்கமான கேள்வியை அவர் எல்லாரிடமும் கேட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாமியானா பக்கம் வந்தபோது கேட்காமல் சிரித்துவிட்டுப் போனார்.

ரஃபீக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "நேத்து ராத்திரி எங்கடா படுத்த?"

"ஓட்டல்ல."

"எந்த ஓட்டல்?"

"சத்திரத்துகிட்ட," என்றேன். சொல்லும்போதே என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. பக்கத்தில் நின்ற வரதனின் முகம் மாறிப்போனது. "ஓட்டலா? ஸ்ரீரங்கத்துலதான் யார் ஆத்துலயோ தங்கியிருக்கேன்னு நெனச்சேன். நம்மாத்துல படுக்க நோக்கு இடம் இருந்திருக்காதா?" என்றான்.

"அப்ப எங்களுக்கு ஆட்சேபணை இருக்கு," என்றான் ரஃபீக், முருகேசனைப் பார்த்து.

முருகேசன் பதறிப்போனார். "என்ன பாய் இது, வெளிநாட்டுலேர்ந்து வந்தவருகிட்ட போய்... சொந்த ஆளு வேற."

"சொந்த ஆளத்தான் கேக்க முடியும். நான் எத்தன வருஷம் தலகாணியத் தூக்கிக்கிட்டு பாலம் தாண்டியிருக்கேன், உங்களுக்குத் தெரியாதா? நேத்தும் வரதன் வீட்டு மாடியிலதான் படுத்தேன். இவனுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. டாஸ் போட நாணயத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் குப்பைத்தொட்டிக்குப் பந்து போட்டவன், கடல் தாண்டி வந்தவன், எல்லாருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவன் என்றெல்லாம் மனதுக்குள் ஓடியது. கோபம் ஓடி முடிந்தபோது, அன்று காலை அந்த மணலில் என்னை ஆட்டக்காரனாக நினைத்துப் பேசியவன் அவன் ஒருவன்தான் என்று புரிந்தது. மற்ற எல்லாரும் எனக்கு மரியாதை செய்தார்கள். அவன் மட்டும் என்னிடம் கேள்வி கேட்டான். அழுகை வந்தது, வெயிலுக்குக் கண் கூசுவதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

டாஸில் ஜெயித்து எங்கள் ஆட்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றி அதற்கடியில் தள்ளிவிட்டு, அடுத்து இறங்க வேண்டியவர்கள் மணலில் வரிசையாகக் குந்தியிருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். புது ஆள் ஒருவர் எழுந்து, "சார், நீங்க சேர்ல உக்காருங்க, மணல் சுடும்," என்றார். பரவாயில்லை என்றேன். முதல் ஓவரிலேயே விக்கெட் விழுந்தது. ரஃபீக் இறங்க வேண்டும். மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தவன், போகிற போக்கில் கடிகாரத்தையும் செல்போனையும் பைக் சாவியையும் உருவி என் மடியில் போட்டுவிட்டுப் போனான். இறங்குகிறவன் தன் சாமான்களை ஆடாமல் இருப்பவனிடம் கொடுப்பதுதான் வழக்கம். பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை.

என் சட்டைப் பையில் ஓட்டல் கதவைத் திறக்கும் பிளாஸ்டிக் அட்டை இருந்தது. மடியில் ரஃபீக்கின் சாவிக்கொத்து. அவன் உடம்புச் சூடு இன்னும் அதில் போகவில்லை. முருகேசன் ஓடிவந்து வேகமாக ஒரு பந்தைப் போட, ரஃபீக் அதை நாணல் பக்கம் விரட்டினான். எல்லாரும் எழுந்து கத்தினார்கள், நானும் எழுந்து கத்தினேன். பிறகு உட்கார்ந்தோம். எட்டு மணிக்கே மணல் சுட ஆரம்பித்திருந்தது. நான் நாற்காலிக்குப் போகவில்லை.